அடிமைக் கோலமும் ஆண்டவர் என்னும் பெயரும்

கிறித்தவர்களைப் பற்றித் திருக்குர்ஆன் கூறும் செய்திகளுள் இரண்டு, பார்வைக்கு ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பவை. அல்மாயிதா அத்தியாயத்தின் 82ஆம் வசனம், தம்மை நஸாராக்கள் என்று சொல்லிக்கொள்வோர் நம்பிக்கையாளர்களிடம் அன்பால் மிக நெருங்கியவர்கள் என்று கூறி, அதற்குக் காரணமும் தருகின்றது: அவர்களிடையே குருமார்களும் துறவிகளும் உள்ளனர், அவர்கள் பெருமை பாராட்டுவதில்லை. அத்தவ்பா அத்தியாயத்தின் 31ஆம் வசனமோ, வேதக்காரர்கள் தம் அறிஞர்களையும் துறவிகளையும், மர்யமின் மைந்தர் மஸீஹையும் அல்லாஹ்வையன்றி ரப்புகளாக ஆக்கிக்கொண்டதைக் கண்டிக்கின்றது. முதல் வசனம் பணிவைப் பாராட்டுகின்றது. அடுத்தது, இறைமை தனக்குரிய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டதைச் சுட்டுகின்றது.

நம் மேடைகளில் இரண்டாவது வசனம் அடிக்கடி ஓதப்படுகின்றது. முதலாவதை நல்லிணக்கக் கூட்டங்களுக்கென எடுத்து வைத்துக்கொள்கின்றோம். இரண்டையும் சேர்த்துப் படிப்பார் குறைவு. ஆனால் கிறித்தவர் உள்ளத்தில் இவையிரண்டும் ஒரே முடிச்சு. உங்கள் பணிவு எங்கிருந்து பிறந்தது என்று கேட்டால், தாம் ஆண்டவர் என்றழைக்கும் ஒருவரை அவர்கள் சுட்டுவர். அவரை ஆண்டவர் என்பது ஏன் என்று கேட்டால், அவருடைய பணிவைச் சுட்டுவர். இந்த முடிச்சு எவ்வாறு விழுந்தது என்பதை அறியாமல் எழுதப்படும் மறுப்பு, மறுக்கப்படுவோரின் காதில் விழுவதில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தத்துவவாதிகளைக் கண்டித்துத் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ எழுதினார். அவர்தம் கருத்துகளை உள்ளவாறே விளக்கி ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலையும் எழுதினார். அவ்விரண்டாவது நூலின் முறையே இக்கட்டுரைக்கு வழிகாட்டி.

இவ்வாய்வுக்குப் பொருத்தமான நிலம் நம் தென்பாண்டியிலேயே உண்டு. சாத்தூருக்குத் தென்மேற்கே, கோவில்பட்டிக்கு வடமேற்கே, கரிசல் மண்ணில் அமைந்தது ஏழாயிரம்பண்ணை. 1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோது, கட்டபொம்மனோடு சேர்ந்து நின்றமைக்காகக் கம்பெனியார் பறித்துக்கொண்ட பாளையங்களுள் இதுவும் ஒன்று. இன்று அவ்வட்டாரம் பட்டாசாலும் தீப்பெட்டியாலும் பிழைக்கின்றது. அதன் சுற்றுப்புறத்தைச் சற்றே விரித்து நோக்கினால், தமிழிலக்கிய வரலாற்றின் அரியதோர் அண்மை புலனாகும். எட்டயபுரத்தில் 1703இல் மறைந்த உமறுப்புலவர் அடங்கியுள்ளார். அவர் இயற்றிய சீறாப்புராணம் 5,027 பாடல்களைக் கொண்டது. அவர் மறைந்து பத்தாண்டு கழிவதற்குள் இத்தாலியிலிருந்து வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, அதாவது வீரமாமுனிவர், கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் தம் தொடக்கக்காலப் பணியை ஆற்றினார். 1726இல் நிறைவுற்ற அவருடைய தேம்பாவணி 3,615 பாடல்களால் ஆனது.

தேம்பாவணியின் காப்பியத் தலைவர் இயேசு அல்லர். அவரை வளர்த்த சூசை என்னும் தச்சரே தலைவர். திருக்குர்ஆனில் இத்தகைய ஒருவர் பேசப்படவில்லை என்பதால் நம்மவர் இதனை எளிதில் கடந்துவிடுவர். ஆயின் ஒரு கிறித்தவப் புலவர் முப்பத்தாறு படலங்களுக்கும் நாயகராகத் தச்சர் ஒருவரைத் தேர்ந்தது தற்செயல் அன்று. உலகைப் படைத்தவரே ஒரு தச்சுப் பட்டறையில் பணிந்து வளர்ந்தார் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆகவே வளர்த்தவரின் புகழைப் பாடினாலே வளர்ந்தவரின் தாழ்மை தானே விளங்கிவிடும். சூசையைப் பாடுவது இயேசுவின் பணிவைப் பாடும் ஒரு சுற்றுவழி.

சொற்களின் சாட்சி

ஏழாயிரம்பண்ணை என்னும் ஊர்ப்பெயரிலேயே ‘பண்ணை’ உண்டு. பண்ணையார், பண்ணையாள் என்னும் இரு சொற்களைக் கேட்டுப் பழகிய தமிழருக்கு ஆட்சியும் அடிமையும் நூலில் படித்தறியும் செய்திகள் அல்ல. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் கூலியாள் தன் எசமானை ‘ஆண்டை’ என்றே விளித்தான். அதே ‘ஆள்’ என்னும் வேரிலிருந்துதான் ‘ஆண்டவன்’, ‘ஆண்டவர்’ என்னும் சொற்களும் பிறந்தன. ஆண்டையின் முன் தோளில் துண்டு போட இயலாதவனிடம், ஆண்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவினார் என்று சொன்னால், அச்செய்தி அவன் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும்? கிறித்தவம் இம்மண்ணில் ஊன்றியதற்குப் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மட்டுமே காரணம் என்று கணக்கிடுவோர் இவ்வொலியைக் கணக்கில் கொள்வதில்லை.

கத்தோலிக்கர் பெரும்பாலும் ‘ஆண்டவர்’ என்பர். சீர்திருத்தச் சபையார்க்குக் ‘கர்த்தர்’ என்பது பழகிய சொல். ‘செய்பவன்’ என்னும் பொருளுடைய வடசொல்லின் தமிழ் வடிவம் அது. இறைவனைக் குறிக்கத் தரங்கம்பாடியின் சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றும், பின்வந்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றும் எழுத, 1871இல் முழுமையாக வெளிவந்த பவர் மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்று நிலைநாட்டியது. இம்மாற்றங்களைவிட நமக்கு முக்கியமானது வேறொன்று. அப்பவர் மொழிபெயர்ப்பில், பழைய ஏற்பாட்டில் இறைவனின் தனிப்பெயர் வரும் இடங்களில் பெரும்பாலும் ‘கர்த்தர்’ என்று உள்ளது. புதிய ஏற்பாட்டில் இயேசுவுக்கும் ‘கர்த்தர்’ என்றே உள்ளது. இது தமிழ் மொழிபெயர்ப்பாளர் விளைத்த குழப்பம் அன்று. யூதர்கள் தம் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது இறைவனின் பெயருக்கு ஈடாக நின்ற ‘கூரியோஸ்’ என்னும் சொல்லையே முதற்காலக் கிறித்தவர் இயேசுவுக்கும் வழங்கினர். வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றது.

நம் முன்னோர் இத்துறையில் காட்டிய நுட்பமும் எண்ணிப்பார்க்கத்தக்கது. அல்லாஹ்வை ‘நாயன்’ என்றனர். நபிகள் (ஸல்) அவர்களை ‘நாயகம்’ என்றனர். ஒரே குடும்பத்துச் சொற்களே. எனினும் ஈற்றெழுத்துகளால் அவற்றைப் பிரித்து வைத்து, ஒன்றன் இடத்தில் மற்றொன்று ஏறாதவாறு காத்தனர். நாம் அல்லாஹ்வை ‘அவன்’ என்பதும் அத்தகையதே. தேவனை ‘அவர்’ என்றும் ‘தேவரீர்’ என்றும் அழைத்துப் பழகிய கிறித்தவ நண்பர்களுக்கு நம் ‘அவன்’ மரியாதைக் குறைவாகத் தோன்றுவதுண்டு. நமக்கோ அது தவ்ஹீதின் இலக்கணம். பன்மையின் நிழல்கூட அவன்மேல் படக்கூடாது. ‘இரட்சகன்’ என்னும் சொல்லில் இன்னொரு வேடிக்கை உண்டு. நாம் அதனை ரப்பு என்பதற்கு ஈடாக, படைத்துப் பேணி வளர்ப்பவன் என்னும் பொருளில் ஆள்கிறோம். அவர்கள் ‘இரட்சகர்’ என்னும்போது, பாவத்திலிருந்து மீட்பவரைக் குறிக்கின்றனர். ஒரே தெருவில் ஒரே சொல்லைச் சொல்லி இரு வேறு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றோம்.

பிலிப்பியர் திருமுகம்

முடிச்சின் மூலம் பவுல் எழுதிய பிலிப்பியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம், 5 முதல் 11 வரையிலான வசனங்கள். பவுலுக்கு முன்பே சபைகளில் வழங்கிய ஒரு துதிப்பாடலாக இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அதன் பொருள் போக்கு இது: இறைவனின் தன்மையில் இருந்த ஒருவர், அந்நிலையைப் பற்றிப்பிடித்துக்கொள்ள வேண்டிய உடைமையாகக் கருதவில்லை, தம்மை வெறுமையாக்கிக்கொண்டு அடிமையின் வடிவை ஏற்றார், சிலுவைச் சாவு வரை கீழ்ப்படிந்தார், ஆதலால் இறைவன் அவரை உயர்த்தி எல்லாப் பெயருக்கும் மேலான பெயரை அளித்தான், அனைத்து முழங்கால்களும் அவர்முன் மண்டியிடும். இறுதிப் பகுதி ஏசாயாவின் 45ஆம் அதிகாரத்தை நினைவூட்டுவது. அங்கே முழங்கால்கள் மண்டியிடுவது ஏக இறைவன் ஒருவனுக்கே. அவனையன்றி வேறு இறைவன் இல்லை என்று வலியுறுத்தும் அதிகாரம் அது. அந்த வணக்கம் இங்கே இயேசுவை நோக்கித் திருப்பப்படுகின்றது. தவ்ஹீதை ஓங்கிச் சொல்லும் ஓர் இடத்திலிருந்தே எடுக்கப்பட்ட மொழியால் இது கூறப்படுவதை நம்மவர் கவனிக்க வேண்டும்.

‘அடிமை’ என்று நாம் குறித்த இடத்தில் கிரேக்கச் சொல் ‘தூலோஸ்’. எபிரேயத்தில் ‘எபெத்’. அரபியில் அதன் உடன்பிறந்த சொல் ‘அப்து’. ஆக, பிலிப்பியர் துதி கூறுவது, ரப்பு அப்தின் வடிவை ஏற்றான் என்பதாகும். இவ்வாறு நம் கலைச்சொற்களால் சொல்லிப் பார்க்கும்போதுதான் அக்கொள்கையின் துணிவும், நமக்கு அது ஏன் ஏற்கவியலாதது என்பதும் ஒருங்கே தெரியும்.

அக்காலக் கிரேக்க, உரோமையர்க்குத் தாழ்மை ஒரு நற்பண்பு அன்று; அடிமைகளின் இழிகுணம். வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரிய மண்ணில் 354இல் பிறந்த அகஸ்டின், தம் தன்வரலாற்றில் இதனைத் தெளிவாகக் காட்டுகிறார். பிளாட்டோவின் வழிவந்தோர் நூல்களில் இறைவார்த்தையின் மேன்மையைக் கண்டதாகவும், அவ்வார்த்தை தாழ்ந்து மனிதரானதை அங்கே காணவில்லை என்றும் எழுதுகிறார். அவருக்குக் கிறித்தவத்தின் தனித்தன்மை இறைவனின் மேன்மையில் இல்லை, தாழ்மையிலேயே இருந்தது.

வெறுமையாக்கினார் என்றால் இறைத்தன்மையைத் துறந்தாரா? 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய இறையியலார் சிலர், இறைப்பண்புகள் சிலவற்றை அவர் விலக்கி வைத்தார் என்றனர். 451இல் கூடிய கல்சேதோன் சங்கத்தின் மரபில் நிற்போர் அதனை ஒப்பவில்லை. அவர் எதையும் இழக்கவில்லை, மனிதத்தன்மையைக் கூடுதலாக ஏற்றார். ஓர் ஆளில் இரு தன்மைகள் என்பது அவர்தம் முடிபு. ‘இறைவன் தூங்கினானா, பசித்தானா, யாரிடம் தொழுதான்’ என்று நம்மவர் எழுப்பும் கேள்விகளுக்கு அவர்கள் பதினைந்து நூற்றாண்டுகளாக ஆயத்தமாக வைத்திருக்கும் விடை இதுவே. விடை நமக்கு நிறைவு தரவில்லை என்பது வேறு. கேள்வியை அவர்கள் கேட்டதே இல்லை என்று எண்ணுவது நம் பிழை.

தமிழ்க் கிறித்தவர்க்கு இக்கருத்து கிரேக்கத்தின் வழியாக மட்டும் வந்ததன்று. திருநெல்வேலிக் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறித்தவராகி, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்ட எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை போன்றோர்க்கு, இறைவனின் எட்டாத மேன்மையும் அடியார்க்கு எளிவந்த தன்மையும் வைணவ மரபிலேயே கேட்டுப் பழகியவை. பரத்துவம், சௌலப்பியம் என்று அம்மரபு அவற்றைப் பிரித்துப் பேசும். ஆனால் அவதாரங்கள் பல. கிறித்தவர் கூறும் இறங்கிவருதல் ஒருமுறையே நிகழ்ந்தது, சாவில் முடிந்தது. அவ்வேறுபாட்டை அவர்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

கால் கழுவுதலும் கை கழுவுதலும்

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் கூறும் பாதம் கழுவும் நிகழ்ச்சியைக் கத்தோலிக்கர் ஆண்டுதோறும் பெரிய வியாழன் மாலையில் நிகழ்த்திக் காட்டுவர். பங்குமக்களில் பன்னிருவரை அமரவைத்துக் குருவானவர் அவர்தம் பாதங்களைக் கழுவித் துடைப்பார். பட்டாசுத் தொழிலாளர் மிகுந்த பங்குகளில் அப்பன்னிருவரிடையே அவர்களும் அமர்வது இயல்பே. அலுமினியத் தூளின் சாம்பல் மினுக்கம் எளிதில் போகாத பாதங்கள் அவை. மறைந்த போப் பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு, உரோமை நகரின் இளையோர் சிறையொன்றில் இச்சடங்கை நிகழ்த்தினார். பாதம் கழுவப்பெற்ற பன்னிருவரில் முஸ்லிம்களும் இருந்தனர். அச்செய்தி வந்தபோது நம்மவரில் சிலர் மகிழ்ந்தனர், சிலர் ஐயுற்றனர். ஐயத்துக்கு இடமில்லை என்பது என் கருத்து. அங்குக் கழுவியவர் தம்மை அடிமையின் இடத்தில் வைத்துக்கொண்டாரேயன்றி, கழுவப்பட்டவரை எதற்கும் உடன்படச் செய்யவில்லை.

நம் தஃப்ஸீர் நூல்களில் இந்நிகழ்ச்சிக்கு வியப்பூட்டும் இணையொன்று உண்டு. ஹிஜ்ரி 310இல் மறைந்த இமாம் தபரீ, அந்நிஸா அத்தியாயத்தின் 157ஆம் வசன விளக்கத்தில், வஹ்பு இப்னு முனப்பிஹ் வழியாக வந்த ஓர் அறிவிப்பைப் பதிவு செய்கிறார். ஈசா (அலை) அவர்கள் ஓரிரவு ஹவாரிய்யூன்களை விருந்துக்கு அழைத்துத் தாமே பரிமாறினார்கள். உண்டு முடித்தபின் அவர்தம் கைகளைத் தம் கையால் கழுவித் தம் ஆடையால் துடைத்தார்கள். சீடர்கள் அதனைத் தகாததென எண்ணித் தயங்கினர். இன்றிரவு தாம் செய்வதை மறுப்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று ஈசா (அலை) கூறினார்கள். ஒருவர்மேல் ஒருவர் பெருமை கொள்ளாதிருக்க இதனை முன்மாதிரியாகக் கொள்ளுமாறும் பணித்தார்கள். இது இஸ்ராயீலிய்யாத் வகையைச் சேர்ந்த செய்தி; அகீதாவுக்கு ஆதாரமாகாது. ஆயினும் நம் முன்னோர் எதை ஏற்று எதை விட்டனர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது அரிது. யோவான் நற்செய்தியில் இயேசு, தாம் ஆண்டவராகவும் போதகராகவும் இருந்தே கழுவியதாகச் சொல்லித்தான் சீடர்களைப் பணிக்கிறார். தபரீயின் அறிவிப்பிலும் பணிவிடை உண்டு, சீடர் தயக்கம் உண்டு, முன்மாதிரியும் உண்டு. ஆண்டவர் என்னும் பட்டம் இல்லை. தலைமையுடையவர் பணிந்தார் என்ற அளவில் நின்று, இறைவன் பணிந்தான் என்பதற்கு அது செல்லவில்லை.

பிரிவு விழும் இடம் இதுதான். அல்முதகப்பிர் என்பது அல்லாஹ்வின் அழகிய திருநாமங்களுள் ஒன்று (59:23). மனிதனிடத்தில் நோயாகும் பெருமை அவனிடத்தில் உண்மை. பெருமையைத் தன் மேலாடை என்று அவன் கூறுவதாக ஹதீஸ் குத்ஸி உரைக்கும். ஆகவே பணிவு அவனுடைய பண்பாக இருக்கவியலாது. பணிவதற்கு அவனுக்கு மேல் எவரும் இல்லை. அதனால் அவன் தொலைவில் உள்ளான் என்பது பொருளன்று. அவன் அருகில் இருப்பதை அல்பகரா 186ஆம் வசனம் கூறுகின்றது. ஒவ்வோர் இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் நம் ரப்பு கீழ்வானுக்கு இறங்கி, கேட்போர் உண்டா என்று வினவுவதாக புகாரீ, முஸ்லிம் இருவரும் பதிந்த நபிமொழி உண்டு. இறங்குதல் என்னும் சொல் நம்மிடமும் இருக்கின்றது. எவ்வாறு என்று கேளாமல் அதனை ஏற்றனர் முன்னோர். அந்த இறக்கத்தில் ரப்பு ரப்பாகவே இருந்து அடியானை அழைக்கின்றான். அடியானின் வடிவை ஏற்பதில்லை.

அடிமைத்தனத்தின் மதிப்பிலும் இரு சமயங்களும் வேறுபடுகின்றன. பிலிப்பியர் துதியில் அடிமைக் கோலம் ஓர் இறக்கம். உயர்வு அதன்பின் வருவது. இஸ்லாத்தில் அப்து என்பதே உயர்வு. மஸீஹ் அல்லாஹ்வின் அடிமையாயிருப்பதை இழிவாகக் கருதமாட்டார் என்று 4:172 சொல்லும். மிஃராஜின் முதற்படியான இரவுப் பயணத்தைப் பேசும் வசனம் (17:1) நபிகளாரைக் குறிப்பதும் அப்து என்றே. அரச நபியாகவா, அடிமை நபியாகவா என்று தேர்ந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டபோது, அவர்கள் பின்னதையே ஏற்றதாக முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். கிறித்தவர்க்கு வியப்பளிப்பது ஆண்டவர் அடிமையானது. நமக்கோ, ஓர் அடிமை அத்துணை உயர்ந்தும் அடிமையாகவே நின்றது.

வரலாற்றில் இக்கொள்கை பட்ட பாடு தனிக் கதை. கேம்பிரிட்ஜில் 1841இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்ற தாமஸ் ராக்லண்டு, சர்ச் மிஷனரி சொசைட்டியின் சார்பில் 1854 முதல் வட திருநெல்வேலிச் சிற்றூர்களில் கூடாரமிட்டு அலைந்தார். 1858இல் சிவகாசியில் மறைந்தார். கண்ட பலன் சொற்பம். நிலத்தில் விழுந்து மடியும் விதையைப் பற்றிய நற்செய்தி உவமையே அவர் வழியாக இருந்தது. தனிமனிதரின் பணிவில் ஐயமில்லை. ஆனால் அடிமைக் கோலம் பூண்டவரின் செய்தியை ஆள்வோர் இனத்தவர் சுமந்து வந்தனர் என்னும் முரணை மறைக்கவும் இயலாது. அதே 1858இல்தான் ஆட்சி கம்பெனியிடமிருந்து முடியரசுக்கு மாறியது. இன்னும் தெற்கே வடக்கன்குளத்தில் நிகழ்ந்தது கசப்பானது. வெள்ளாளர்க்கும் நாடார்க்கும் தனித்தனிக் கூடங்கள் பலிபீடத்தில் மட்டும் சந்திக்குமாறு 1872இல் ஆலயம் எழுப்பப்பட்டது. கால் கழுவிய ஆண்டவரைப் பிரித்து வணங்கச் சுவர் தேவைப்பட்டது. அச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் மீண்டும் எழவில்லை. இதைப் படிக்கும் நாம் சஃபில் தோளோடு தோள் நின்றுவிட்டுச் சம்பந்தம் பேசும்போது எழுப்பும் சுவர்களையும் நினைத்துக்கொள்வது தகும். செங்கல்லால் ஆகாததால் அவை எந்த நீதிமன்றத்துக்கும் செல்லவில்லை.

இவை அனைத்தும் நூலறிவாகவே நிற்பதில்லை. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வட்டாரத்தில் இத்தகைய நாட்கள் பலமுறை வந்துள்ளன. மருந்து அறையில் அருகருகே அமர்ந்து உழைப்போர் வெவ்வேறு முறைகளில் அடக்கம் செய்யப்படுகின்றனர். துக்க வீடுகளுக்குச் செல்வோர் மட்டும் பொதுவானவர்கள். முஸ்லிம் வீட்டில் நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே மீள்பவர்கள் என்று ஓதுகின்றோம். நம் ஆறுதல் அவனுடைய ஆட்சியில் இருக்கின்றது. கிறித்தவ வீட்டில் உபதேசியார், ஆண்டவரும் வலி அறிந்தவர் என்கிறார். அவர்தம் ஆறுதல் தம் ஆண்டவரின் தாழ்மையில் இருக்கின்றது. வாயிற்படியருகே அமர்ந்திருக்கும் முஸ்லிம் நண்பர் அதனை ஏற்க வேண்டியதில்லை. அது வெறும் அலங்காரப் பேச்சன்று என்பதையாவது அறிந்திருக்கலாம். அங்கு வாசிக்கப்படக்கூடிய பகுதிகளுள் ஒன்று மத்தேயுவின் 26ஆம் அதிகாரம். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு சற்று அப்பால் சென்று, தரையில் முகங்குப்புற விழுந்து, தம் விருப்பப்படியன்று, இறைவனின் விருப்பப்படியே ஆகட்டும் என்று வேண்டியதாக அதில் எழுதப்பட்டுள்ளது. அவ்விடத்தைக் கேட்கும் கிறித்தவர் ஆண்டவரின் தாழ்மையைக் காண்கிறார். வாயிற்படியருகே இருப்பவருக்கு ஒரு ஸஜ்தா தெரிகின்றது.